மந்திரியும் அவரே, போராட்டமும் அவரே: யார் இந்த தொண்டமான்?

கொற்கையில் இன்னிக்குக் கடல் இல்லை. தாமிரபரணி வண்டல் சேர்ந்து, பாண்டியர் துறைமுகம் உள்நாட்டு ஊராகிவிட்டது. துறைமுகம் தூத்துக்குடிக்கு மாறினாலும் இலங்கைப் போக்குவரத்து நிற்கவில்லை. நெல்லைப் பக்கத்திலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அப்படிப் போன தமிழர்களின் பெரிய தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவர் நெல்லைக்காரர் இல்லை. இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் 1913-ல் பிறந்தவர்.

1924-ல், 11 வயசில் அப்பாவிடம் இலங்கை போனார். அப்பா கங்காணியாக இருந்து எஸ்டேட்டே வாங்கியவர். ஆக, லயத்தில் வளர்ந்த தலைவர் இல்லை இவர். முதலாளி வீட்டுப் பையன்.

1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. நுவரெலியாவில் தொண்டமான். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்தார் என்று நிரூபிக்கணும். தோட்டத் தொழிலாளிகிட்ட அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள், ஓட்டும் போச்சு. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

தொண்டமான் ரூட்டே வேற. 1972-ல் செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலத்தோடு தமிழர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவரானார். ஆனால் 1976-ல் தனி ஈழக் கோரிக்கை வந்தபோது ஒதுங்கிக்கொண்டார். அவருடைய ஆட்கள் இருந்தது வடக்கில் இல்லை. சிங்கள ஊர்கள் சூழ்ந்த மலையில். 1978-ல் ஜெயவர்த்தனா அமைச்சரவையில் சேர்ந்தார். 1983 கலவரத்துக்குப் பிறகும் விலகவில்லை. பதவி ஆசை என்று திட்டினார்கள். அது முழுக்க அநியாயமான பேச்சு என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனா 1986 ஜனவரியைப் பார்க்கணும். மந்திரியாக இருந்துகொண்டே, தன் அரசுக்கு எதிராகத் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் அறிவித்தார். வேலைநிறுத்தம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். சாமி கும்பிடுகிறவனை எந்த போலீஸ் அடிக்கும்? நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் அந்த வருஷமே நிறைவேறியது, 1988-ல் இன்னொன்று. அமைச்சரவைக்கு வெளியே நின்று கத்தியிருந்தால் இது கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். கையில் தொழிற்சங்கம் இல்லாமல் மந்திரி பதவி மட்டும் இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

கூலியிலும் வீட்டிலும் அந்த வேகம் இல்லை. வெள்ளைக்காரன் கட்டிய லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன.

தொண்டமான் 1999 அக்டோபர் 30-ல், அப்போதும் மந்திரியாகவே, இறந்தார். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஓர் அக்டோபர் 30-ல்தான். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கான சட்டம் 2003-ல் வந்தது.