கோடு காட்டும் வேகம்

செம்பூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இயற்பியல் தேர்வுக்கு முந்தின நாள் மாலை புத்தகமும் கையுமாக வந்து நின்றாள். தமிழில் எம்.ஏ. முடித்து மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் என்னிடம் இயற்பியலுக்கு வருகிறாள் என்றால் வீட்டில் வேறு யாரும் இல்லை என்று அர்த்தம். "யூ டி பிளஸ் அரை ஏ டி ஸ்கொயர்" என்று தொடங்கி இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "இந்தப் படம்தான் மாமா புரியல" என்றாள்.

படத்தில் ஒரு கோடு. மேலே ஏறுகிறது, சற்று நேரம் படுக்கையாகப் போகிறது, மறுபடி ஏறுகிறது. படுக்கையான இடத்தில் வண்டி என்ன செய்கிறது என்று கேட்டேன். "மேட்டுல ஏறிட்டு, சமதரையில ஓடுது."

இந்தத் தவறு அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. வரைபடத்தைப் பாதையின் படமாகவே பார்த்துவிடும் பழக்கம் உலகெங்கும் மாணவர்களிடம் உண்டு. இயக்க வரைபடங்களில் மாணவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று அமெரிக்காவின் லிலியன் மெக்டெர்மாட்டும் சகாக்களும் 1987-இல் விரிவாக எழுதினார்கள். தடுமாறியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

புத்தகத்தை மூடிவிட்டு ஹார்பர் லைனுக்கு வந்தோம். குர்லாவில் கிளம்பும் ரயில் திலக்நகரில் நின்று செம்பூர் வருகிறது. கிடைக்கோட்டில் நேரத்தைக் குறி. நிமிர்ந்த கோட்டில் குர்லாவிலிருந்து கடந்த தூரத்தைக் குறி. திலக்நகரில் ரயில் நிற்கும்போது தூரம் கூடவில்லை, கடிகாரம் மட்டும் ஓடுகிறது. ஆகவே கோடு படுத்துவிடுகிறது. ரயில் ஓடினால் கோடு ஏறும். விரைவாக ஓடினால் செங்குத்தாக ஏறும். சரிவுதான் வேகம்.

ரயில்வேக்காரர்களுக்கு இது பாடமல்ல, பிழைப்பு. கட்டுப்பாட்டு அறைகளில் ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடுதான். எந்த ரயில் எங்கே நிற்கிறது, எது எதை எங்கே முந்தும் என்பதெல்லாம் கோடுகள் சந்திக்கும் இடத்தில் தெரிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ்-லியோன் ரயில்களுக்கு இப்படி அட்டவணை வரைந்துவிட்டார்கள்.

அடுத்த படத்தில் தூரத்துக்குப் பதில் வேகத்தைக் குறித்தோம். நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில் 30 வினாடியில் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தை எட்டுவதாக வைத்துக்கொள்வோம். கோடு சுழியிலிருந்து 15 வரை சீராக ஏறும். அதன் சரிவு முடுக்கம்: ஒவ்வொரு வினாடியும் வேகம் அரை மீட்டர் கூடுகிறது. கடந்த தூரம் எவ்வளவு? கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்பு: 30, 15, அவற்றின் பெருக்கத்தில் பாதி. 225 மீட்டர். ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் முக்கோணத்துக்குக் கீழே ஒரு செவ்வகமும் சேரும். அந்தச் செவ்வகம்தான் 'யூ டி'. முக்கோணம்தான் 'அரை ஏ டி ஸ்கொயர்'. அந்த 'அரை' எங்கிருந்து வந்தது என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. பரப்பைத் தூரமாகப் பார்க்கும் இந்த வித்தையை பிரான்சின் நிக்கோல் ஒரேம் 14-ஆம் நூற்றாண்டிலேயே வரைந்து காட்டியிருக்கிறார், கலிலியோவுக்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் முன்பு.

'முடுக்கம்' என்றதும் சிரித்தாள். பள்ளியில் 'ஆக்சிலரேஷன்' மட்டுமே கேட்டவள். வண்டிமாட்டை முடுக்கு என்று கிராமத்தில் சொல்வார்கள் என்றேன். கலைச்சொல் தேடியவர்கள் நல்ல இடத்தில்தான் தேடியிருக்கிறார்கள்.

மூன்றாவது சமன்பாட்டில் நேரமே வராது. வேகத்தின் வர்க்கமும் முடுக்கமும் தூரமும் மட்டும்தான். உப்புச்சப்பில்லாத அந்தச் சூத்திரத்துக்கும் நம் உயிருக்கும் சம்பந்தம் உண்டு. பிரேக் போட்டால் ஒவ்வொரு வினாடியும் வேகம் 0.8 மீட்டர் குறைவதாகக் கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் 62.5 மீட்டரில் நிற்கும். 72 கி.மீ. வேகத்தில் வந்தால் 125 மீட்டர் என்றுதான் மனசு சொல்லும். கணக்கு சொல்வது 250 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. ஏறக்குறைய 12 பெட்டி ரயிலின் முழு நீளம். தண்டவாளத்தில் ஆளைப் பார்த்த பிறகு மோட்டார்மேனால் என்ன செய்ய முடியும்?

ஆளாலும் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை. பெரிய பொருள்கள் உள்ளதைவிட மெதுவாக நகர்வதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது என்பது அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985-இல் முன்வைத்த கருத்து. இதை வைத்து 2010-ஐ ஒட்டி நம் ஹார்பர் லைனில், வடாலா அருகே, மத்திய ரயில்வேயுடன் சேர்ந்து ஃபைனல் மைல் என்ற நிறுவனம் ஒரு சோதனை செய்தது. தண்டவாளத்தின் கட்டைகளில் இடைவெளி விட்டு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். ரயில் ஒரு மஞ்சளிலிருந்து அடுத்த மஞ்சளை எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறது என்று பார்த்தால் வேகம் புரிந்துவிடும். கூடவே, நீண்ட ஹாரனை இரண்டு குறுகிய ஒலிகளாக மாற்றினார்கள்; ரயிலில் அடிபடப்போகும் மனிதனின் பீதி நிறைந்த முகத்தைப் படமாக வைத்தார்கள். அங்கே சாவுகள் கணிசமாகக் குறைந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

எனக்கு அந்த மஞ்சள் கட்டைகள் வரைபடத் தாளின் கோடுகளாகவே தெரிகின்றன. இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேகம் பிடிபடும். இதைத்தான் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் சொல்ல வருகிறது. நாமோ படத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

அவளுடைய அப்பா தினமும் மேம்பாலம் ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைத் தாண்டுகிறவர். இப்போது பாலம் ஏறுகிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவே மகள் அவரை உட்கார வைத்து அந்த 250 மீட்டர் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். தேர்வில் அவள் வாங்கப்போகும் மதிப்பெண்ணைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.