ஆங்கிலம் பழகுவோம்: ‘லாஸ்ட் டைம்’ என்றால் எப்போது?



பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் போய், கிளமெண்டியில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் அத்தானுக்குத் தலைச்சுற்றல். மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதுண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“லாஸ்ட் டைம் டேக், டாக்டர்” என்றார் அத்தான்.

முன்பு சாப்பிட்டேன், இப்போது இல்லை என்பது அவர் கருத்து. போன வேளைகூடச் சாப்பிட்டார் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லையே என்று, கூடவே இன்னொரு மாத்திரையும் எழுதப் போனார். நல்லவேளை, அக்காள் குறுக்கிட்டு, நிறுத்தி இரண்டு வருஷமாகிறது என்று விளக்கினாள்.

தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. ‘போன தடவை’ வேறு, ‘முன்பெல்லாம்’ வேறு. மலாயிலும் முன்பு என்பதற்கு ‘டூலு’ என்று தனிச்சொல் உண்டு. சிங்கப்பூரிலும் நம் மலேசியாவிலும் பேசும் ஆங்கிலத்தில் மட்டும் இரண்டுக்கும் ‘லாஸ்ட் டைம்’தான். “லாஸ்ட் டைம் போலீஸ்மேன் வேர் ஷார்ட்ஸ்” என்று சிங்கப்பூரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். போலீஸ்காரர் அரைக்கால் சட்டை போட்ட காலம் மலையேறிவிட்டது, பழங்கதை பேசாதே என்று அர்த்தம்!

ஏட்டு ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் டைம்’ என்றால் கடந்த முறை. ஒரே ஒரு தடவை. “லாஸ்ட் டைம் வீ மெட், இட் வாஸ் ரெய்னிங்” என்றால், சென்ற முறை சந்தித்தபோது மழை பெய்தது.

முன்பு வழக்கமாக இருந்து, இப்போது நின்றுபோனதற்கு ‘யூஸ்ட் டு’ போடவேண்டும். கிளமெண்டி ரோட்டுக்கு 1947 வரை ரிஃபர்மேட்டரி ரோடு என்று பெயர். இதை, “இட் யூஸ்ட் டு பீ கால்ட் ரிஃபர்மேட்டரி ரோட்” என்று சொல்லலாம். அத்தான் சொல்லியிருக்க வேண்டியது: “ஐ யூஸ்ட் டு டேக் இட், பட் ஐ ஸ்டாப்ட் டூ யியர்ஸ் அகோ.” எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

நமக்குள் பேசிக்கொள்ளும்போது ‘லாஸ்ட் டைம்’ குற்றமில்லை; நமக்குப் புரியும். டாக்டரிடமும், வேலை கேட்டுப் போகும் இடத்திலும், பரீட்சைத் தாளிலும் கவனம் வேண்டும்.

வீட்டுப்பாடம்: “முன்பு நாங்கள் தோட்டத்தில் குடியிருந்தோம்.” பிள்ளைகளை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கதையையும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.