நூல்நிலையமும் வாட்ஸ்அப்பும்

நூல்நிலையம் என்றால் அலமாரியும் பூட்டும் பேரேடும் சேர்ந்த ஓர் அறை என்றும், நூலகர் என்றால் அதற்குச் சாவி வைத்திருக்கும் ஒரு சிப்பந்தி என்றும் நம் மக்களில் பெரும்பாலோர் இன்னமும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். சர்க்காரும் அநேகமாக அப்படியே நினைத்து நடந்து வருவதாகத் தெரிகிறது. இந்த நினைப்பு ஓசூரைப் போன்ற ஓர் ஊருக்கு எவ்வளவு கேடானது என்பதைப் பற்றியே இவ்வாரம் எழுத முன்வந்தோம்.

ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிறவர்கள் நெடுங்காலமாகக் கலந்து வாழ்கிறார்கள். சிப்காட் வந்து, லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் ஆலை வைத்த பிறகு வெளி ஜில்லாக்காரர்கள் வந்தார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வருகிறார்கள். ஷிப்டு முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு ஒரு தொழிலாளி தெருவுக்கு வருகிறபோது நூல்நிலையம் பூட்டிக் கிடக்கும். இரவு ஷிப்டுக்காரனோ அது திறந்திருக்கும் நேரத்தில் தூங்குவான். ஆனால் இருவர் கையிலும் போன் இருக்கிறது. அந்தப் போனுக்குள் முதலில் நுழைந்தவன் யார் என்று கேட்கின்றோம். ஜோசியன் நுழைந்தான். ராசிக்கல் விற்கிறவன் நுழைந்தான். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் நல்ல சேதி வரும் என்பவனும் நுழைந்தான். முன்பெல்லாம் இதே மோசடி சாமி பெயரால் துண்டு நோட்டீசாக வரும். அதற்காவது அச்சாபீசுக்குப் பணம் அழ வேண்டியிருந்தது. இப்போது அந்த நஷ்டமும் அவர்களுக்கு இல்லை.

மடமை மட்டும் பரவினால் கூடப் பொறுத்துக் கொள்ளலாம் என்பார்கள் சிலர். உயிரே போயிருக்கிறதே! 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பிற்று. கிருஷ்ணகிரிக்கு அடுத்த ஜில்லாவான திருவண்ணாமலையில், போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து வந்த ஒரு கிழவி வழி கேட்டு நின்று, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்தக் குற்றத்திற்காக ஊரார் கூடி அடித்தே கொன்று விட்டார்கள். அதே மாதத்தில் இந்தப் பக்கம் பெங்களூரில், ராஜஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு வாலிபனையும் கட்டி அடித்துக் கொன்றார்கள். ஓசூர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிறகு 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்திற்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்தக் கம்பெனியார் தடுத்தார்கள். செத்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

2023 மார்ச்சில் வேறு விதமான புரளி. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்லுகிறார்கள் என்பதாக, எங்கெங்கோ நடந்த சண்டைகளின் படங்களை ஒட்டிப் பரப்பினார்கள். பொய் என்று போலீஸ் அதிகாரிகள் சொல்வதற்குள் மூட்டை கட்டிக் கொண்டு ரயிலேறினவர்கள் பலர். நாம் ஹிந்தித் திணிப்பை எதிர்க்கிறவர்களே ஒழிய, ஹிந்தி பேசும் கூலிக்காரனுக்கு விரோதிகளல்ல. அவன் பயந்து ஓடியது நமக்கும் அவமானமே.

இம்மாதிரி சமயங்களில் மறுத்துச் சொல்ல ஊருக்கு ஓர் ஆள் வேண்டாமா? பத்திரிகையைப் புரட்டிப் பார்த்து, எது எங்கே எப்போது நடந்தது என்று தேடி, பல பாஷைகளிலும் நாலு வரி எழுதி அனுப்பத் தக்கவர் நூலகரைத் தவிர யார்? தேடிக் கொடுப்பதுதானே அவர் தொழில்!

அவருக்கு இது தெரியாதே என்றால், கற்றுக் கொடுக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்துச் சார்லட் நகரப் பொது நூல்நிலையத்தில், 2006-ல் ஹெலீன் பிளவர்ஸ் என்ற அம்மையார் தம் சிப்பந்திகளுக்கு 23 சிறு பாடங்கள் வகுத்தார். வலைப்பதிவு எழுதுவது, படம் ஏற்றுவது, பலர் கூடித் திருத்தும் விக்கியில் எழுதுவது போன்றவை. உபதேசம் கிடையாது, தானே கைவைத்துப் பார்க்க வேண்டும். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசு. அம்முறையை மற்ற நாட்டு நூல்நிலையங்களும் எடுத்துக் கையாண்டன. ஓசூர் நூலகர் அவர்களுக்கு எதில் குறைந்தவர்?

நூலகர் வேலையை விட்டுப் போனைப் பார்த்துக் கொண்டிருப்பாரே என்று ஆட்சேபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புத்தகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பது புது விஷயமல்ல. 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, உபயோகிக்கவே என்று அதே 1931-ல் விதி எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிப் பார்ப்பனர்தான். சரியானதைச் சொன்னால் யார் சொன்னதாயினும் சரி என்போம். 'குடி அரசு' 1925-ல் தொடங்கிய பிறகு, அதை முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்களே, அதுவும் இந்த வேலைதான். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜகோபாலாச்சாரியார் 1953-ல் நம் பிள்ளைகளுக்கு அரை நேரப் படிப்புப் போதும் என்றார். மக்கள் கிளர்ந்தெழுந்து, 1954-ல் அத்திட்டம் ஒழிந்தது. மீதி அரை நேரத்தை இப்போது ராசிபலன் தின்ன விடலாமா?

ஆனால் ஒன்று. இந்தச் சாதனங்கள் யாவும் பொதுச் சொத்தல்ல. வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஒரே அமெரிக்க முதலாளிக் கம்பெனியுடையவை. கூகுள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டது. டிக்டாக்கை 2020-ல் நம் நாட்டில் தடுத்தார்கள். அவற்றில் உழைத்துச் சேர்த்தவர்களின் சரக்கு கடையோடு போயிற்று. ஆகையால் எழுதியதற்கு ஒரு நகல் நூல்நிலையத்திலேயே இருக்க வேண்டும். இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் இதனாலேயே சேரத் தயங்குவார்கள், தயங்குவது நியாயமே. 2023-ல் வந்த சேனல் என்ற ஏற்பாட்டில் வாசகர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. நூலகர் இந்த வித்தியாசத்தை அறிந்திருக்க வேண்டும். 2003 முதல் நடந்து வரும் தமிழ் விக்கிபீடியாவோ யாருக்கும் லாபம் தராமல், யாரும் எழுதத் தக்கதாக இருக்கிறது. ஓசூரைப் பற்றியும் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பற்றியும் அதில் ஆதாரத்தோடு எழுத நூலகரே முதல் ஆளாயிருக்கலாம்.

இவ்வளவையும் சொந்தப் போனில், சொந்தக் காசில், வேலை நேரம் போக மீதி நேரத்தில் செய்யும்படி சொன்னால் அது சுரண்டலேயாகும். 1948-ம் வருஷச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டி வருகிறோம். அந்தப் பணத்திலிருந்து நூல்நிலையத்தின் பெயரால் ஒரு போனும், அதற்கு மாதக் கட்டணமும், வாரத்தில் அரை நாள் பயிற்சிக்கு ஒழிவும் ஒவ்வொரு நூலகருக்கும் கொடுக்க வேண்டும் என்றும், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இதை முதலில் தொடங்க வேண்டும் என்றும் கேட்டுக் கொள்ளுகிறோம். அங்குள்ள தோழர்கள் இவ்வாரமே தத்தம் நூல்நிலையத்திற்குப் போய், உறுப்பினராகப் பதிந்து கொண்டு, இதே கோரிக்கையை எழுத்து மூலமாகக் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வருவார்களாக.