தையல் பெட்டி உழவுக்கு உதவும். ஊசி தொழுவத்துக்கு ஆகாது

கேள்வி: எங்கள் மாமியார் தைத்துக்கொண்டிருந்த கால் மிஷின் பழுதாகிப் பல வருடமாகத் திண்ணையில் கிடக்கிறது. கூடவே ஒரு டப்பா நிறைய ஊசி, டேப், கத்தரிக்கோல், நூல்கண்டு, சாக்பீஸ் எல்லாம் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா, வீட்டில் ஏதாவது வேலைக்கு ஆகுமா? எங்களுக்கு இரண்டு கறவை மாடு, ஆறு ஆடு, ஒரு ஏக்கர் நிலம் உண்டு.
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் அம்மா. மாடும் நிலமும் உள்ள வீட்டில் அந்த டப்பாவுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஆனால் அதில் உள்ள ஒரு பொருள் மாட்டின் உயிருக்கே ஆபத்தானது. அதைக் கடைசியில் சொல்கிறேன், தவறாமல் படியுங்கள்.

டேப்: குடற்புழு மருந்தை மாட்டின் எடைக்கு ஏற்றபடிதான் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது. எடை மேடை இல்லாத வீட்டில் தையல் டேப்பே போதும். மாட்டைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 52 என்றால் சுமார் 284 கிலோ. தையல் டேப் பெரும்பாலும் 60 அங்குலம்தான் இருக்கும். பெரிய கலப்பின மாட்டுக்குக் கயிற்றால் சுற்றி, அந்தக் கயிற்றை அளந்துகொள்ளலாம். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். இரும்பு ஸ்கேலை வைத்து ஒருமுறை சரிபார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

நூல்கண்டு: திருந்திய நெல் சாகுபடிக்கு 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு செய்கிறோம். நடவுக் கயிற்றில் 25 செ.மீ.க்கு ஒரு முடிச்சாகச் சிவப்பு நூலை இறுக்கிக் கட்டிவிட்டால், சேற்றிலும் அடையாளம் தெரியும். நிலக்கடலைக்குச் செடிக்குச் செடி 10 செ.மீ. என்பதால் இன்னொரு கயிற்றில் வேறு நிற நூலைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வெட்டிய நூல் துண்டுகளை வாசலில் போடாதீர்கள். கோழிக்குஞ்சின் காலில் சுற்றி இறுகிவிட்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

சாக்பீஸ்: ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும் நாளில், ஊசி போட்ட ஆட்டின் முதுகில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எந்த ஆட்டுக்குப் போட்டோம், எது விட்டுப்போனது என்ற குழப்பம் வராது. கருப்பு, பழுப்பு ஆடுகளில் கோடு நன்றாகத் தெரியும்.

கத்தரிக்கோல்: துணி வெட்ட மழுங்கிப்போன கத்தரி கீரை, கொத்தமல்லி அறுக்கவும், வெண்டைக்காய் காம்பை வெட்டவும் போதும். மெல்லிய உப்புத்தாளைப் பத்துப் பன்னிரண்டு முறை வெட்டினால் ஓரளவு கூர்மை திரும்பும். நோய் கண்ட செடியை வெட்டினால், அடுத்த செடியைத் தொடும்முன் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தக்காளி, மிளகாயில் சில நச்சுயிரி நோய்கள் வெட்டும் கருவி மூலமாகவே பரவுகின்றன.

கோணி ஊசி: டப்பாவில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். சாக்கு வாய் தைக்கவும், கிழிந்த தார்ப்பாயையும் நிழல்வலையையும் நைலான் நூலால் ஒட்டுப்போடவும் உதவும். உரம், பூச்சிமருந்து வந்த சாக்கை மட்டும் எவ்வளவு கழுவித் தைத்தாலும் தானியத்துக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.

மிஷின்: முதலில் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பல மிஷின்களில் பெல்ட்டை மாற்றி எண்ணெய் விட்டாலே ஓடும். தலைப்பகுதி தேறாது என்றால் அதை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டு, இரும்புக் காலின் மேல் ஒரு பலகையை முடுக்கிக்கொள்ளுங்கள். நாற்றுத் தட்டு வைக்கவோ பாத்திரம் கழுவவோ நல்ல மேடை ஆகும். நீள மூக்கு எண்ணெய்க் குப்பியைக் கிணற்று ராட்டினத்துக்கும் கதவுக் கீலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஆபத்தான பொருள். முறிந்த ஊசியும் குண்டூசியும்தான் அது. வீட்டைக் கூட்டும்போது இவை குப்பையோடு எருக்குழிக்கோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ போய்விடும். மாடு தீவனத்தை நாக்கால் சுழற்றி அப்படியே விழுங்கும். ஊசி தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். அந்த வயிறு சுருங்கிச் சுருங்கி விரியும்போது ஊசி சுவரைத் துளைத்து முன்னால் நகரும். அதற்குச் சற்று முன்னால்தான் இதயம் இருக்கிறது. சினை மாட்டில் கருப்பை பெருத்து அழுத்துவதால் ஆபத்து இன்னும் அதிகம்.

மாடு திடீரெனத் தீனி எடுக்காது, பால் இறங்கிவிடும். முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் விலக்கி நிற்கும். படுக்கும்போதும் எழும்போதும் முனகும், சரிவில் இறங்கத் தயங்கும். முற்றிய நிலையில் தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் நீர் கோத்து வீங்கும். அந்த நிலையில் பிழைப்பது அரிது. ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் வயிற்றைத் திறந்து ஊசியை எடுத்து மாட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அஜீரணம் என்று நினைத்துக் கை மருந்து கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

தடுப்பது எளிது. மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் முறிந்த ஊசிகளைப் போட்டுவையுங்கள், நிறைந்ததும் மூடியோடு இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போன ஸ்பீக்கரில் உள்ள காந்தத்தைத் துணியில் சுற்றி, தைத்த இடத்தில் ஒருமுறை இழுத்தால் விழுந்த ஊசி ஒட்டிக்கொள்ளும். தவிடு, புண்ணாக்கு கலக்கும் தொட்டியிலும் அதே காந்தத்தை வாரம் ஒருமுறை துழாவுங்கள். தொழுவத்திலோ வைக்கோல் பக்கத்திலோ உட்கார்ந்து சாக்குத் தைக்க வேண்டாம். எங்கே தைத்தாலும், எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனையும் திரும்ப டப்பாவுக்கு வந்ததா என்று எண்ணிவிட்டு எழுந்திருங்கள்.