ஒளிப்படமும் ஓய்வும்

உருவப்படம் ஒருவரது முகத்தோடு, அவருக்கு வாய்த்த ஓய்வையும் காட்டுகிறது. ஒளிப்படக் கலையின் தொடக்ககால வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்தும்.

தாகேர் கண்டறிந்த ஒளிப்பட முறை 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1841இல் இலண்டனில் உருவப்பட நிலையம் திறக்கப்பட்டது. தகட்டில் ஒளி பதியும்வரை அசையாது அமர்ந்திருத்தல் வேண்டும். தலை ஆடாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி நிறுத்தப்பட்டது. கையில் நூல், அருகே மேசை, பின்னே திரைச்சீலை என அமைந்த அப்படங்கள், கைவருந்தி உழைக்கத் தேவையற்ற வாழ்வைப் பெருமையுடன் பறைசாற்றின.

இக்கலை சென்னையிலும் விரைவில் வேரூன்றியது. 1856இல் சென்னை ஒளிப்படக் கழகம் தோன்றியது. அவ்வாண்டே மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படங்களாக்கினார். எளிய மக்களும் படங்களில் இடம்பெற்றனர். ஆயினும் இடம்பெற்ற முறை வேறு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்னும் நூலில் பலர் பெயரின்றி, தத்தம் சாதிக்கும் குடிக்கும் உரிய மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். செல்வர் தம் விருப்பத்தால் படமானார். எளியவர் பிறர் தேவைக்காகப் படமாக்கப்பட்டார்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழில் வட்டாரத்திற்கு இவ்வேறுபாடு அயலானதன்று. சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையால் பதனிடப்பட்ட தோல்கள் அந்நூற்றாண்டில் இலண்டன் சந்தைக்குக் கப்பலேறின. செல்வர்தம் உருவப்படங்களில் மெருகேறிய காலணிகளைக் காண்கிறோம். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்து, மயிர் களைந்து, பதப்படுத்தும் கைகளைக் காண்பதில்லை.

“இன்று எல்லோரிடமும் கைப்பேசி உள்ளதே; அக்குறை நீங்கிவிட்டதன்றோ?” எனச் சிலர் வினவலாம். நீங்கவில்லை என்பதே என் கருத்து. படங்கள் பெருகியுள்ளன, ஆனால் தொழிலாளி ஒருவரின் படம் பெரும்பாலும் திருமண நாளிலோ, அடையாள அட்டைக்காகவோதான் எடுக்கப்படுகிறது. அவர் வாழ்நாளெல்லாம் செய்த தொழில் அதில் இடம்பெறுவதில்லை. பெயரும் ஆண்டும் குறிக்கப்படாத படம், அவரை அறிந்தவர் மறைந்தபின் வெறும் முகமாகிவிடும்.

ஆகவே, தோல் பதனிடுவோர், காலணி தைப்போர் முதலிய உழைப்பாளர்களை அவர்தம் இசைவுடன் படமெடுத்தல் வேண்டும். பெயர், ஊர், தொழில், ஆண்டு ஆகியவற்றைப் படத்துடன் எழுதிவைத்தல் வேண்டும். எவ்வாறு காட்சியளிக்க விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டறிதலும் வேண்டும். நூற்றாண்டுக்கு முன் செல்வருக்கு மட்டுமே கிட்டிய அவ்வுரிமையை உழைப்போருக்கும் வழங்குதல் மாணவர்களால் இன்றே இயலும் பணியாகும்.