நகலுக்கும் நாணயம் வேண்டும்

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்டு. அம்மாநிலத்தின் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற ஊரில் வாழ்ந்த இசானா வாக்கர் என்ற பெண்மணி, 1873ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஒரு காப்புரிமையைப் பெற்றார். துணியால் பொம்மை செய்யும் புதிய முறைக்காக அந்தக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் பொம்மைகள் செய்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அக்காலத்தில் விற்கப்பட்ட பொம்மைகள் பலவற்றுக்குப் பீங்கான் தலை இருந்தது. கீழே விழுந்தால் அது உடைந்துவிடும். குழந்தை அதன்மீது விழுந்தால் காயம் ஏற்படும். வாக்கரின் துணிப் பொம்மை உடையாது. குழந்தைக்குத் தீங்கு செய்யாது. அழுக்கானால் துடைத்துச் சுத்தம் செய்யலாம். இந்நன்மைகளை அவரே தமது காப்புரிமை ஆவணத்தில் எடுத்துரைத்துள்ளார். வட்ட முகமும் அமைதியான பார்வையும் காதோரம் தீட்டப்பட்ட சுருள் முடியும் கொண்ட அப்பொம்மைகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகக் குறைவு. பழம்பொருள் சேகரிப்போர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து அவற்றை வாங்குகின்றனர்.

அவ்வளவு விலை கொடுக்க எல்லாராலும் இயலாது. ஆகவே, கைவினைஞர்கள் பலர் பழைய பொம்மையைப் பார்த்து அதேபோன்ற புதிய பொம்மைகளைச் செய்கின்றனர். அவற்றுக்குப் பழங்கால ஆடைகளையும் தைத்து அணிவிக்கின்றனர். இவ்வாறு நகல் செய்வது சரியா? “பிறர் படைப்பைப் பார்த்துச் செய்வதில் என்ன திறமை இருக்கிறது?” என்று சிலர் கேட்கின்றனர். “பழைய பொருள் என்று சொல்லி ஏமாற்றத்தானே இது உதவும்?” என்று வேறு சிலர் ஐயுறுகின்றனர். முதல் கேள்வி கைவினையை அறியாததால் எழுவது. இரண்டாவது கேள்வியோ புறக்கணிக்கத்தக்கது அன்று. நகல் செய்வது போற்றத்தக்க கலையே. ஆயினும், செய்தவரின் பெயரும் செய்த ஆண்டும் அழியாதவாறு பொறிக்கப்படாத நகல், எவ்வளவு அழகாக இருந்தாலும் குறையுடையதே.

நகல் செய்வது எளிதான வேலை என்று எண்ணுவோர், அது செய்யப்படும் முறையை அறிந்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர். வாக்கரின் முறைப்படி, முதலில் பருத்தித் துணியைப் பல அடுக்குகளாக வைத்துப் பசையிட வேண்டும். பின்னர் அதனை அச்சில் அழுத்தி முகத்தின் வடிவத்தைப் பெற வேண்டும். அது காய்ந்ததும் மேலே மெல்லிய பஞ்சுப் படலத்தைப் பரப்பி, அதன்மீது பின்னல் துணியைப் போர்த்தி, மீண்டும் அச்சில் அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் கெட்டியான துணி, முகம் நசுங்காமல் காக்கிறது. மேலே இருக்கும் பஞ்சு, அழுத்தம் பட்டால் நெகிழ்ந்து கொடுப்பதால் வண்ணம் எளிதில் உரிவதில்லை. இறுதியில் எண்ணெய் வண்ணத்தால் கண், மூக்கு, வாய், முடி ஆகியவற்றைத் தீட்ட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அவசரப்படுபவர்களுக்கு இந்த வேலை கைகூடாது.

ஆடை தைப்பதற்கு இதைவிட நுணுக்கமான அறிவு தேவை. 1840களைச் சேர்ந்த ஒரு பொம்மையின் ஆடையைக் கையால்தான் தைக்க வேண்டும். ஏனெனில், எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846ஆம் ஆண்டில். ஐசக் சிங்கர் பெற்றது 1851ஆம் ஆண்டில். அதன் பின்னரே தையல் இயந்திரம் வீடுகளுக்குள் மெல்ல மெல்ல நுழைந்தது. அந்த ஆடைக்கு ஜிப் வைக்கக் கூடாது. அழுத்துப் பொத்தானும் கூடாது. இரண்டும் பிற்காலத்தில் வந்தவை. கொக்கியோ, சாதாரணப் பொத்தானோ, நாடாவோதான் பொருந்தும். துணியின் நிறத்தையும் எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேய இளைஞர் 1856ஆம் ஆண்டு செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். அதற்கு முன்னர்த் துணிகளுக்குப் பெரும்பாலும் செடி, பூச்சி, கனிமம் ஆகியவற்றிலிருந்து கிடைத்த சாயங்களே பயன்பட்டன. எனவே, 1845ஆம் ஆண்டுப் பொம்மைக்குப் பெர்கினின் ஊதா நிறத்தில் பாவாடை தைத்தால், அது வரலாற்றுப் பிழையாகிவிடும்.

இப்படி ஒவ்வொரு தையலையும் ஆராய்ந்து செய்பவர், அக்கால மக்களின் வாழ்க்கையையே கற்றுக்கொள்கிறார். எடுத்துக்காட்டாக, அக்காலச் சிறுமியரின் பாவாடைகளில் விளிம்புக்கு மேலே வரிசையாக மடிப்புகள் தைக்கப்பட்டிருக்கும். அவை அழகுக்காக மட்டும் தைக்கப்பட்டவை அல்ல. சிறுமி வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால், அதே பாவாடையை அவள் மேலும் சில ஆண்டுகள் உடுத்தலாம். துணியின் அருமையை உணர்ந்த குடும்பங்களின் சிக்கனம் அந்த மடிப்புகளில் ஒளிந்திருக்கிறது. அம்மடிப்பைத் தன் கையால் தைத்துப் பார்த்தவருக்கு இச்செய்தி மறப்பதில்லை. அருங்காட்சியகத்தில் உள்ள உண்மையான பொம்மையைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். நகல் பொம்மையையோ கையில் எடுக்கலாம். ஆடையைக் கழற்றி மாட்டலாம். தையலைத் தடவிப் பார்க்கலாம். உண்மைப் பொருள் தேயாமல் இருக்க, அதற்குப் பதிலாக நகல் உழைக்கிறது.

பார்த்துச் செய்வதிலிருந்து புதியது பிறப்பதும் உண்டு. அதே ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாடக்கெட் நகரில் வாழ்ந்தவர் மார்த்தா சேஸ். இவர் சிறு வயதில் வாக்கரின் பொம்மையோடு விளையாடியவர் என்று கூறப்படுகிறது. 1889ஆம் ஆண்டளவில் இவரும் பின்னல் துணியால் முகம் அமைத்து, எண்ணெய் வண்ணம் தீட்டிய பொம்மைகளைச் செய்யத் தொடங்கினார். அவை தண்ணீரில் கழுவத்தக்கவை. பின்னர் 1911ஆம் ஆண்டில், ஹார்ட்ஃபர்ட் நகர மருத்துவமனையின் தாதியர் பயிற்சிப் பள்ளிக்காக, வளர்ந்த மனிதரின் அளவில் ஒரு பொம்மையைச் செய்து கொடுத்தார். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, கட்டுப் போடுவது முதலியவற்றைத் தாதியர் அந்தப் பொம்மையை வைத்துப் பழகினர். குழந்தையின் விளையாட்டுப் பொருளிலிருந்து மருத்துவப் பயிற்சிக் கருவி உருவானது. முன்னோரைப் பார்த்துச் செய்வது வீண் என்று சொல்வோருக்கு இதுவே தக்க மறுமொழி.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோரின் ஐயத்தை ஆராய வேண்டும். நகல் பொம்மை செய்வோருள் பலர், பொம்மை புதிதாகத் தோன்றுவதை விரும்புவதில்லை. தேநீரில் துணியை நனைத்துப் பழுப்பேற்றுகின்றனர். தீட்டிய வண்ணத்தில் வெடிப்புகளை உண்டாக்குகின்றனர். மூக்கு நுனியிலும் கன்னத்திலும் உப்புத்தாளால் தேய்த்து, பல குழந்தைகள் கொஞ்சிய பொம்மை போன்ற தோற்றத்தைத் தருகின்றனர். “காலத்தின் சாயல்தான் பழைய பொம்மைக்கு அழகு. அதையும் சேர்த்துக் காட்டுவதே எங்கள் கலை. வாங்குவோரிடம் உண்மையைச் சொல்லித்தானே விற்கிறோம்?” என்பது அவர்களின் வாதம்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், அது பாதி உண்மையே. முதலில் வாங்குபவருக்கு உண்மை தெரியும். அவர் அதனைத் தம் பேத்திக்குக் கொடுப்பார். பேத்தி ஒருநாள் அதனைப் பழைய பொருள் கடையில் விற்கலாம். அதற்குள் பொம்மையோடு இணைக்கப்பட்டிருந்த காகிதச் சீட்டு கிழிந்து போயிருக்கும். மூன்றாவதாக வாங்குபவர், அது வாக்கரின் கையால் செய்யப்பட்டது என்று நம்பித் தம் சேமிப்பைக் கொடுத்துவிடுவார். செய்தவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆயினும், அவர் செய்த பொம்மை பொய் சொல்லிவிட்டது. மனிதரின் ஆயுளைவிடப் பொருளின் ஆயுள் நீண்டது என்பதை நகல் செய்வோர் மறந்துவிடக் கூடாது.

பணம் இழப்பது ஒருவரோடு போய்விடும். வரலாறு பிழையாவதோ பலரைப் பாதிக்கும். பெயரற்ற நகல் ஒன்று உண்மைப் பொருள்களோடு கலந்துவிட்டால், அதைச் சான்றாகக் கொண்டு எழுதப்படும் நூலும் தவறாகும். அந்நூலைப் படிக்கும் மாணவரும் தவறாகவே கற்பார்.

வல்லுநர்கள் போலியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிலர் கூறுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் சேர்ந்த துணியும் நூலும், புற ஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிரும். அதனைக் கொண்டு புதிய துணியை அடையாளம் காணலாம் என்பது உண்மையே. ஆனால், பழைய ஆடையிலிருந்து வெட்டிய துணியையே பயன்படுத்தி ஒருவர் பொம்மை செய்தால் அந்தச் சோதனை பயன்படாது. மேலும், வாங்குவோர் எல்லாரும் வல்லுநரை உடன் அழைத்துச் செல்ல இயலுமா?

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சேகரிப்போருக்காகச் செய்யப்படும் போலி நாணயங்களில் ‘நகல்’ என்ற பொருள் தரும் சொல்லைத் தெளிவாகப் பொறிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. நகலாகச் செய்யப்படும் அரசியல் சின்னங்களில் அவை செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. பொம்மைகளோ அச்சட்டத்துக்குள் வரவில்லை. நாணயத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது. பொம்மைக்குச் செய்பவரின் மனச்சான்றே காவல். சட்டம் கேட்காத இடத்திலும் உண்மையாக நடப்பவரே சிறந்த கைவினைஞர்.

பெயரைப் பொறித்தால் பொம்மையின் அழகு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆடைக்கு உள்ளே, துணி உடலின் மீது, அழியாத மையால் பெயரையும் ஆண்டையும் எழுதலாம். ஆடையின் உள்மடிப்பில் நூலால் பின்னலாம். பழைய பொம்மைகளைச் செய்தவர்களே இதற்கு வழிகாட்டியிருக்கிறார்கள். வாக்கரின் பொம்மைகள் சிலவற்றில் காப்புரிமை பெற்ற நாள் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூஸ், தம் பொம்மைகளின் இடது பாதத்தில் தம் பெயரையும் ஓர் எண்ணையும் இட்டார். பழைய பொம்மையின் முகம், ஆடை, தையல் எல்லாவற்றையும் பின்பற்றுபவர், இந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது முறையன்று.

கேத்தே குரூஸின் வாழ்க்கை மற்றோர் எல்லையையும் காட்டுகிறது. 1910ஆம் ஆண்டு பெர்லின் நகரக் கண்காட்சி ஒன்றில் அவருடைய துணிப் பொம்மைகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. பின்னாளில் ஒரு பெரிய நிறுவனம் அவற்றைப் போலவே செய்து விற்றபோது, அவர் வழக்குத் தொடுத்து, 1925ஆம் ஆண்டில் வெற்றி பெற்றார். வாக்கரின் காப்புரிமை 17 ஆண்டுகளில் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவருடைய முறை அனைவருக்கும் பொதுவானது. உயிரோடு இருந்து உழைக்கும் கலைஞரின் படைப்பை அவர் ஒப்புதலின்றி நகல் எடுப்பதோ, அவருடைய வருவாயைப் பறிப்பதாகும். முன்னோர் விட்டுச்சென்ற கலையைக் கற்றுச் செய்வதும், சமகாலக் கலைஞரின் உழைப்பைக் கவர்வதும் ஒன்றாகா.

பெயரிடுவது பிறருக்குச் செய்யும் கடமை மட்டுமன்று; செய்பவருக்கே பெருமை சேர்ப்பதும் ஆகும். அச்சில் அழுத்திய துணி, பல நாள் காய்ந்த வண்ணம், ஊசி பிடித்துச் சிவந்த விரல் ஆகிய இத்தனை உழைப்பையும் செலவிட்டவர், தம் பெயரை மறைத்து வேறொருவரின் நிழலில் ஒதுங்குவது ஏன்? நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அப்பொம்மையின் ஆடையை விலக்கிப் பார்ப்பவர், அங்கு ஒரு பெயரையும் ஓர் ஆண்டையும் காண வேண்டும். அப்போதுதான் வாக்கரின் கலைக்கு உரிய மதிப்பு வாக்கருக்கும், நகல் செய்தவரின் கலைக்கு உரிய மதிப்பு அவருக்கும் கிடைக்கும்.