வெண்பாவுக்கு எத்தனை மதிப்பெண்?

வெண்பா என்றதும் யாப்பிலக்கணத் தேர்வு என்று பயந்துவிடாதீர்கள்! நான் சொல்வது, டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலை 31-இல் நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5 முதலியவற்றுக்கு வெளியிட்ட விளையாட்டை.

கதை 1988-இல் கனடாவில் தொடங்குகிறது. வெண்பா என்னும் தமிழ்த்தாய் இட்டலியும் புட்டும் சமைக்கிறாள். சமையற்குறிப்பில் அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்து நிரப்ப வேண்டும். மகன் கவினோ வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான்.

விமர்சகர் பலர் பாராட்டினர். 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. ஆனால், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று சிலர் குறைபட்டனர். கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது நியாயம்தான். மாணவர்களாகிய நமக்குத் தெரியாத கணக்கா?

ஆயினும், என் தீர்ப்பு வேறு. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்த நான், தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மாறிப்போனேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அம்மாவோடு நடக்கும்போது பள்ளித் தோழர்கள் எதிர்ப்பட்டால், அம்மாவின் தமிழுக்கு மலாயில் பதில் சொல்வேன். அம்மா ஒன்றும் கேட்டதில்லை. கவினைப் பார்த்தபோதுதான் அந்த மௌனம் எனக்குப் புரிந்தது. அதற்கு ஒன்றரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

வெளியார் மதிப்பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் புட்டு புதிய பலகாரம். நமக்கோ வீட்டு வாசனை. அந்த வாசனையை அறிந்தவர்களின் விமர்சனத்தை நாம்தான் எழுத வேண்டும், அதுவும் தமிழில். எழுதுவோமா?